பரண்மேல் பழி போடாதீர்கள்

வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லித் தருபவர்கள் எல்லோரும் இப்போது ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறார்கள். ஆறு மாதமாகக் கை படாத பொருளை வெளியே போடு. பரணைக் காலி செய். பீரோவில் பாதியைக் கழி. வெறிச்சென்ற சுவர், வெள்ளை அலமாரி, ஒரே நிறத்தில் நாலு கோப்பை, அதுதான் ரசனை. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருக்கும் அம்மாவும், கைப்பிடி அறுந்த ஒயர் கூடையை மறுபடி பின்னலாம் என்று ஆணியில் மாட்டி வைத்திருக்கும் அத்தையும் இந்தப் பாடத்தின்படி திருந்த வேண்டியவர்கள். இல்லாத காலத்துப் பயம் இன்னும் அவர்களை விடவில்லை என்று பெற்ற பிள்ளைகளே சொல்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் பரணை ஒழித்துவிட்டு, அவர்களுக்கு நல்லது செய்துவிட்டதாக நம்புகிறார்கள்.

நான் அந்த அம்மாவின் பக்கம், அந்த அத்தையின் பக்கம். வீட்டில் சாமான் குவிவதற்குக் காரணம் அவர்கள் வைத்துக்கொள்வது என்ற கணிப்பு அடியோடு பிசகு. அவர்கள் வைத்துக்கொண்டவை ஒரு டிரங்குப் பெட்டிக்குள்ளும் ஒரு பரணுக்குள்ளும் அடங்கிவிடும். கூடத்திலும் கட்டிலுக்கடியிலும் கதவுக்குப் பின்னாலும் நிரம்பி வழிவது கடந்த நாலைந்து வருடத்தில் வாங்கியவை. வாங்கும் கை ஓயாமல் இருக்க, எறியும் கையை மட்டும் பழக்குகிறது இந்தப் பாடம். ஒவ்வொரு ஒழிப்பும் அடுத்த தள்ளுபடி விற்பனைக்கு இடம் ஒதுக்கித் தருகிறது. இதற்கு எளிமை என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாடத்தின் மூலவர்களுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிட்டே பேசுகிறேன். ஜப்பானியரான மாரி கோண்டோவின் புத்தகம் 2014இல் ஆங்கிலத்தில் வந்து உலகெங்கும் விற்றது. 2019 ஜனவரியில் அவரை வைத்து நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தது. பொருளைக் கையில் எடுத்துப் பார், மனம் மகிழ்ந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பது அவர் வழி. துணியை நிற்கும்படி மடிக்க அவர் கற்றுக்கொடுத்தது நல்ல காரியம். பொருளுக்கு நன்றி சொல்லச் சொன்னதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. ஆனால் அதே 2019 நவம்பரில் அவர் பெயரிலேயே இணையக் கடை ஒன்று திறந்தது. இசைக்கவை ஒன்றும் படிகக் கல் ஒன்றும் சேர்த்து 75 டாலருக்கு அதில் விற்பனைக்கு வந்தன. அவர் வாக்குத் தவறிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய அளவுகோலே அந்தக் கடை வாசலுக்குத்தான் இட்டுச்செல்லும். இந்தக் கணத்து மகிழ்ச்சியைக் கேட்டு ஒரு பொருளை நிறுத்தினால், நேற்று வாங்கியது என்றைக்கும் பத்து வருடமாக உழைப்பதை ஜெயித்துவிடும். அடுப்படியில் கொதிக்கும் பாத்திரத்தை இறக்கும் கரித்துணியைக் கையில் எடுத்தால் யாருக்கும் மனம் துள்ளாது. அது இல்லாத அன்று கை சுடும்.

அமெரிக்காவில் ‘மினிமலிஸ்ட்ஸ்’ என்று அறியப்பட்ட ஜோஷுவா ஃபீல்ட்ஸ் மில்பர்ன், ரயன் நிக்கோடெமஸ் இருவரும் வேறொரு விதி சொன்னார்கள். போன 90 நாளில் இதைப் பயன்படுத்தினாயா? வருகிற 90 நாளில் பயன்படுத்துவாயா? இரண்டுக்கும் இல்லை என்றால் அனுப்பிவிடு. நம் ஊர்ப் பத்திரிகைகளில் வரும் ஆறு மாதக் கணக்கும் ஒரு வருடக் கணக்கும் இதன் தங்கை தம்பிகள்தான். இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தமிழ் வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம்.

முதலில் கொலுப் பெட்டி. விளாச்சேரியிலோ பண்ருட்டியிலோ செய்த மண் பொம்மைகள், பாட்டி கொண்டுவந்த மரப்பாச்சி ஜோடி, பழைய வேட்டித் துண்டில் ஒவ்வொன்றாகச் சுற்றி வருடத்தில் ஒன்பது பத்து நாளுக்காக மட்டும் வெளியே வருபவை. விதிப்படி இந்தப் பெட்டி மூன்று முறை குப்பைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெட்டிக்குள்தான் மூன்று தலைமுறையின் கைவேலை இருக்கிறது. மூக்கு உடைந்த செட்டியார் பொம்மைக்கு மூக்கு ஒட்டி வண்ணம் பூசிய கை யாருடையது என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இருக்கிறது. கொலு வைக்கும் வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. வருடத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்குவார்கள். பல வீடுகளில் அந்த ஒன்றோடு நிற்கும். சேர்ப்பதற்கும் வாங்குவதற்கும் உள்ள சரியான விகிதத்தை நவராத்திரி நடத்தும் பெண்கள் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாமல் கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள்.

அடுத்து பித்தளை அண்டாவும் இட்லிக் கொப்பரையும். தனிக்குடித்தனத்துக்கு இது எதற்கு என்று கேட்டு எடைக்குப் போட்டவர்கள் நிறைய. அண்டா வைத்திருந்த வீடு அதைத் தனக்காக மட்டும் வைத்திருக்கவில்லை. எதிர்வீட்டு வளைகாப்புக்கும் பக்கத்துத் தெருக் கூழ் ஊற்றலுக்கும் அதுதான் போனது. ஒரு வீட்டுப் பரண் ஒரு தெருவின் சாமான் அறையாக இருந்தது. எல்லோரும் எடைக்குப் போட்டபின் ஒவ்வொரு வீடும் வாடகைப் பாத்திரக் கடையைத் தேடுகிறது, அல்லது ஒருநாள் விசேஷத்துக்காகத் தூக்கி எறியும் தட்டையும் தம்ளரையும் கட்டுக்கட்டாக வாங்குகிறது.

கடைசியாக அம்மி. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபின், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. மிக்சி ஓடாத அந்த நாட்களில் அம்மியை விற்காத வீடுதான் அரைத்தது. தொண்ணூறு நாள் விதி எழுதியவர்களுக்குப் புயல் அடிக்கும் கரையில் குடும்பம் நடத்திய அனுபவம் இல்லை. நமக்கு இருக்கிறது, நாம் ஏன் அந்த விதியை வாங்கிக்கொள்ள வேண்டும்?

சரி, எறிந்தாயிற்று. எறிந்தது எங்கே போகிறது? சென்னைக்காரர் எறிந்தால் தெற்கே பெருங்குடி, வடக்கே கொடுங்கையூர். பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைத் தின்று வளர்ந்தது. அந்தச் சதுப்புநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது. அதே 2022 ஏப்ரலில் பக்கத்துக் கிடங்கு பற்றி எரிந்தது. இரண்டு கிடங்குகளிலும் பல ஆண்டுக் குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் வேலையை மாநகராட்சி கோடிக்கணக்கில் செலவழித்துத் தொடங்கியது. கொடுங்கையூர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாக அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். ஒரு வீட்டின் கூடம் விசாலமாகத் தெரிய இன்னொரு வீட்டின் ஜன்னல் சாத்தியே கிடக்க வேண்டியிருக்கிறது. அழகைப் பற்றிப் பேசும்போது அந்தச் சாத்திய ஜன்னலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

“குப்பையில் போடவில்லையே, ஏழைகளுக்குத்தானே கொடுக்கிறோம்” என்பது அடுத்த பதில். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரைக்கு நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. நேற்றுவரை சொந்தப் படகில் தொழில் செய்து தன் காசில் உடுத்தியவர்கள் அந்த மீனவர்கள். யாரோ உடுத்திக் கழித்ததை, அதுவும் கிழிந்தும் சாயம் போயும் இருந்ததை, அவர்கள் தொடவில்லை. சாலையோரம் மலையாகக் குவிந்து மழையிலும் மண்ணிலும் கிடந்தது அந்தத் துணி.  அனுப்பியவர்களின் மனதில் ஈரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் பீரோவில் இடம் ஒழிப்பதையும் பிறருக்கு உதவுவதையும் ஒரே வேலையாக்கிக்கொண்டால் இப்படித்தான் முடியும். வாங்குபவருக்கு என்ன தேவை என்று கேட்காமல் கொடுப்பது, தன் வீட்டுக் குப்பைக்கு அவர் வீட்டை வாசலாக்குவது.

அந்தத் துணி மலையைத் தரம் பிரித்துப் பயனுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கிய அமைப்புகளில் ஒன்று கூஞ்ச். அன்ஷு குப்தா 1999இல் தொடங்கியது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பழைய துணியைத் தானமாகக் கொடுப்பதை அவர்கள் தவிர்த்தார்கள். ஊரார் கூடிக் கிணறு வெட்டினால், பாதை போட்டால், அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி கொடுத்தார்கள். நைந்த பருத்தியைத் துவைத்து வெட்டி மாதவிடாய்த் துணியாகச் செய்தார்கள். அதற்குப் பிரிக்க வேண்டும், துவைக்க வேண்டும், பொத்தான் தைக்க வேண்டும், அளவு பார்த்துக் கட்ட வேண்டும். எறிபவர் செய்யாமல் விட்ட வேலை முழுவதையும் வேறு யாரோ செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் அதன் பொருள்.

அதே சுனாமிக் காலத்தில் ஆரோவில்லில் இன்னொன்று நடந்தது. உமா பிரஜாபதியின் உபாசனா என்ற துணி வடிவமைப்புக் கூடத்தில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகளைக் கொண்டு, கடலைப் பார்க்கவே அஞ்சிய மீனவப் பெண்கள் விரலளவு பொம்மைகள் செய்யத் தொடங்கினார்கள். சுனாமிகா என்று பெயர். அதை விற்கவில்லை, பரிசாகவே கொடுத்தார்கள். செய்யும் பெண்களுக்கு வருமானம் நன்கொடையிலிருந்து வந்தது. கடற்கரைச் சாலையில் துணி மலை ஒருபுறம், உள்ளங்கையில் அடங்கும் பொம்மை ஒருபுறம். முதலாவது கண்ணை மூடிக்கொண்டு எறிந்ததில் வந்தது. இரண்டாவது, துண்டுத் துணியைக்கூடக் கூட்டித் தள்ளாமல் ஒருவர் பையில் எடுத்து வைத்ததில் வந்தது. கைவினைக்கு முதல் மூலதனம் எடுத்து வைத்த பை. பரணை ஒழித்த வீட்டில் கைவினை பிறக்காது. கடையில் போய்க் கைவினைப் பெட்டி வாங்கும் பழக்கம்தான் பிறக்கும்.

உலக அளவிலும் இதே கதைதான், கொஞ்சம் பெரிதாக. மேலை நாடுகளின் அலமாரியிலிருந்து கழிந்தவை கானாவின் அக்ரா நகரில் உள்ள கண்டமாண்டோ சந்தைக்கு மூட்டை மூட்டையாக வருகின்றன. விற்காதது கடற்கரையில் சேர்கிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் ஆல்ட்டோ ஆஸ்பிசியோ ஊருக்கு வெளியே துணிக் குன்றுகள் நிற்கின்றன. ஹரியானாவின் பானிப்பட்டுக்கு வரும் பழைய கம்பளி உடைகளை நிறவாரியாகப் பிரித்து, நார் நாராக்கி, மறுபடி நூற்றுப் போர்வை நெய்கிறார்கள். பேரிடர்க் காலங்களில் நிவாரணமாக வரும் அந்தக் கரும்பழுப்புப் போர்வையில் எந்த நாட்டுக் கோட்டோ இருக்கிறது. அந்த வித்தை கம்பளியில் நடக்கும். பாலியெஸ்டரும் பருத்தியும் எலாஸ்டேனும் கலந்து பின்னிய இன்றைய டீ-சர்ட்டில் எளிதில் நடக்காது. எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் 2017 அறிக்கைப்படி, உடைக்காகச் செலவாகும் மூலப்பொருளில் நூற்றில் ஒரு பங்குகூட மறுபடி உடையாக வருவதில்லை. 2000த்திலிருந்து 2015க்குள் உடை விற்பனை ஏறக்குறைய இரட்டிப்பானது, ஓர் உடையை உடுத்தும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன என்கிறது அதே அறிக்கை.

இந்த இடத்தில்தான் மலிவு அலங்காரம் பற்றிப் பேச வேண்டும். குறைந்த செலவில் அழகாக உடுத்துவது என்றால் 199 ரூபாய்ச் சட்டை நாலு வாங்குவது என்று ஆகிவிட்டது. சட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் அந்தக் கணக்கு எங்கே பொய்க்கிறது என்று தெரியும். ஓவர்லாக் மிஷின் தைத்துக்கொண்டே ஓரத்தைக் கத்தரித்துவிடுகிறது. உள்ளே மிஞ்சுவது சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிட இடம் கிடையாது. தையல் விட்டால் மறுபடி பிடிக்கத் துணி கிடையாது. அது பிறக்கும்போதே கழிவதற்காகப் பிறந்தது. நம் டெய்லர்களிடம் அம்மாக்கள் வழக்கமாகச் சொல்வது என்ன? “அண்ணா, உள்ளே ஒரு இஞ்ச் விட்டுத் தைங்க, பொண்ணு வளர்ற வயசு.” பாவாடை தைத்தால் கீழே இரண்டு டக் வைப்பார்கள். அடுத்த பொங்கலுக்கு ஒன்றைப் பிரித்தால் பாவாடை நீளும். அதற்கடுத்த பொங்கலுக்கு இன்னொன்று. பிரித்த இடத்தில் தெரியும் பழைய கோட்டை மறைக்க ஒரு பட்டை வைத்துத் தைப்பார்கள். அந்தப் பட்டையே பாவாடைக்குத் தனி அழகாக அமைந்துவிடும். குறைந்த செலவில் அழகு என்பதற்கு இதைவிடத் துல்லியமான தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது.

புடவைக்கும் வேட்டிக்கும் இன்னொரு சிறப்பு. வெட்டாத துணி உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் பத்தும். கல்யாணத்தில் அம்மா கட்டியதை மகள் அதே அளவில் கட்டலாம். நைந்தால் அதன் அடுத்த பிறவிகள் தொடங்கும். நல்ல பகுதி பாவாடையாகும், தலையணை உறையாகும். மெலிந்த பகுதி பிறந்த குழந்தைக்கு ஏணையாகும். புதுத் துணியின் விறைப்பு குழந்தைத் தோலுக்கு ஆகாது என்று பழசைத் தேடி வாங்கி வைப்பார்கள். பழைய வேட்டியில் வடாம் பிழிவார்கள். அதுவும் கிழிந்தால் கரித்துணி, அதுவும் போனால் விளக்குக்குத் திரி. ஜரிகை வேலையுள்ள பழைய பட்டை அதிலுள்ள வெள்ளிக்காகவே வாங்கிப் போக ஆள் வருகிறார். ஒரு துணி இத்தனை பிறவி எடுத்துத் தீர்கிறது. இடையில் எந்தக் கட்டத்திலும் அது ‘தேவையில்லாத பொருள்’ ஆகவில்லை; அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் பொருளாக இருந்தது. அது காத்திருந்த இடம்தான் பரண்.

மலிவுச் சட்டையின் மிச்ச விலையை யாரோ கொடுத்திருக்கிறார்கள். நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு அதில் தேங்கி, தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்கக் காசு வேண்டும். அந்தக் காசை 199 ரூபாய்க்குள் எங்கே வைப்பார்கள்? 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சவாரில் தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டும் அவர்களை மிஷினில் உட்கார வைத்தது, குறித்த தேதிக்குள் மலிவாகத் தைத்து அனுப்ப வேண்டிய நெருக்கடி. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பா 1945இல் வெளியான ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலில் வற்புறுத்தியது இதைத்தான்: ஒரு பொருளின் விலையோடு அதன் பின்னால் உள்ள உழைப்பையும் வன்முறையையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அவர் காலத்தில் இவ்வளவு மலிவான சட்டை இல்லை.

கைவினை என்ற பெயரில் நடப்பதையும் சும்மா விட எனக்கு மனமில்லை. காலி பாட்டிலில் களிமண் அப்பி, சணல் சுற்றி, அக்ரிலிக் பூசி அலமாரியில் வைத்தால் அது மறுபயன்பாடு என்கிறார்கள். கண்ணாடி எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாத பொருள். பழைய பேப்பர் கடைக்காரர் அதை வாங்கிக்கொள்வார். நீலகிரியில் 2022இல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அதைக் கொடுக்கும் முறை வந்தது. ஆக பாட்டிலுக்கு ஏற்கெனவே ஒரு வழி உண்டு. பசையும் பெயின்ட்டும் ஏறியபின் அந்த வழி அடைபடுகிறது. யாரும் வாங்க மாட்டார். இரண்டு வருடம் தூசி படிந்தபின் அது குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். ரெசின் ஊற்றிச் செய்யும் தட்டுகளும் கோஸ்டர்களும் அப்படியே. இறுகிய ரெசினை உருக்கி வேறொன்று செய்ய முடியாது. பொழுதுபோக்காக யாரும் எதையும் செய்துகொள்ளட்டும். ஆனால் அதைச் சிக்கனத்தோடு சேர்த்துப் பேசக் கூடாது. ஒரு பொருள் இன்னொரு வேலையைச் செய்யும்படி மாற்றுவது கைவினை. வேலை செய்யாதபடி அலங்கரிப்பது வேறு.

எது கைவினை என்று காட்ட நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பழைய காட்டன் புடவையை விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, மூன்று பிரியாகப் பின்னி, வட்டமாகச் சுருட்டித் தைத்த கால்மிதியை வருடக்கணக்கில் துவைத்துப் போடலாம். திருப்பூரில் வெட்டுமேசையில் விழும் துண்டுகள் எடைக்கணக்கில் போகின்றன. கொஞ்சம் ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் மெக்கானிக் ஷெட்டுகளில் எண்ணெய் துடைக்கிறது, கொஞ்சம் ‘ஓப்பன் எண்ட்’ நூற்பு மில்களில் மறுபடி நூலாகிப் போர்வையாகவும் மிதியடியாகவும் வருகிறது. ஒயர் கூடையைப் பாருங்கள். பிளாஸ்டிக்தான், ஆனாலும் சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுக்கு முடிச்சு பெயர் வைத்துப் பின்னிய அந்தக் கூடை பல வருடம் காய்கறி சுமக்கும். கைப்பிடி போனால் கைப்பிடியை மட்டும் மாற்றலாம். ஆணியில் தொங்கும் அத்தையின் கூடை அந்த வேலைக்காகத்தான் காத்திருக்கிறது. நிறச் சேர்க்கையில் அவர் காட்டியிருக்கும் கண், எந்த வெள்ளை அலமாரியிலும் இல்லாத ரசனை.

போகியைக் காட்டி வாதாடுபவர்கள் உண்டு. பழையதைக் கழிப்பது நம் மரபிலேயே இருக்கிறது என்பார்கள். நன்னூல் இலக்கண மாற்றத்தைப் பற்றிச் சொன்ன ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்பதை எடுத்து வீட்டுச் சாமானுக்குப் பொருத்துவார்கள். போகியில் எரிந்தவை எவை? தேய்ந்த துடைப்பம், கிழிந்த பாய், உடைந்த முறம், இற்றுப்போன கூரைக் கீற்று. கடைசி நார்வரை உழைத்துத் தீர்ந்தவை, மண்ணில் விளைந்தவை, சாம்பலானால் மண்ணுக்கே போகிறவை. டயரையும் பிளாஸ்டிக்கையும் போட்டு எரித்த 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. அதற்கு மரபின் பெயரைச் சொல்ல முடியாது.

இரண்டு எதிர்ப்புகளில் உண்மை இருக்கிறது. முதலாவது, சேர்த்து வைப்பது சிலருக்கு நிஜமாகவே நோயாகிறது. நடக்க வழியில்லாமல் பத்திரிகைக் கட்டும் காலி டப்பாவும் நிரம்பி, ஒன்றை எடுத்தாலும் பதறிப் போகிறவர்கள் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு அதைத் தனி நோயாகப் பதிந்திருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது மருத்துவர். அந்தப் பெயரைக் கிழிந்த வேட்டியை மடித்து வைக்கும் ஒவ்வொரு தாயின் மேலும் ஒட்டுவது, நோயாளிக்கும் நல்லதல்ல, தாய்க்கும் நியாயமல்ல.

இரண்டாவதுதான் கனமானது. வைத்துக்கொண்டால் யார் தூசி தட்டுவது? யார் கிழிசலைத் தைப்பது? இத்தனை காலமும் அது பெண்ணின் கூலியில்லா உழைப்பு. வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கும் பெண், அந்தச் சுமையை இறக்கிவைக்க விரும்பி எறிகிறாள் என்றால் அவளை எப்படிக் குறை சொல்வது? குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒழிப்பும் அவள் தலையில்தான் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பீரோவைக் கொட்டிப் பிரிப்பவள் அவள்; பிள்ளைகள் வாங்கிக் குவித்ததைத் தள்ளுவதற்கு இடம் தேடுபவள் அவள். சுமை குறைய வேண்டுமானால் வீட்டுக்குள் வருவது குறைய வேண்டும். தைக்கும் வேலை வீட்டு ஆண்களுக்கும் வர வேண்டும். மிச்சத்தைக் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டும். தெருமுனையில் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆல்ட்ரேஷன் டெய்லர் ஜிப் மாற்றித் தருவார், பேண்ட்டின் இடுப்பைப் பிரித்துத் தருவார், ஃபால்ஸ் அடித்துத் தருவார். புதுச் சட்டை விலையில் ஒரு சிறு பங்குதான் அவர் கூலி. அந்தக் காசு அந்தத் தெருவிலேயே தங்குகிறது.

வாடகை வீடு சின்னது, பரணே இல்லை என்பவர்களுக்கும் என் வாதம் செல்லும். இடம் குறைவான வீட்டில்தான் உள்ளே வரும் ஒவ்வொன்றையும் கேள்வி கேட்க வேண்டும். கடையிலேயே சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் பிரித்துவிடத் துணி இருக்கிறதா, பொத்தானுக்கு மாற்றுப் பொத்தான் வைத்திருக்கிறார்களா, கிழிந்தபின் துடைக்கவாவது ஆகுமா என்று பாருங்கள். பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது. அதில் கரித்துணி தேறாது, சூட்டில் உருகும். இந்தச் சோதனையில் தேறாததைக் கடையிலேயே விட்டு வந்தால், பிறகு ஒழிக்க வேண்டிய அவசியமே வராது.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறார்கள். மிஷின் கிடைத்தபின் வேலை கிடைக்க வேண்டாமா? மாநகராட்சி வார்டுக்கு ஒரு பழுதுபார்ப்புக் கூடம் வைத்து இவர்களை அமர்த்தினால், துணிக்குப்பை குறையும், அவர்களுக்கும் மாதம் தவறாமல் கூலி வரும். 2012இல் அரசுப் பள்ளிகளில் 16,000க்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள். அவர்களில் தையல் கற்பிப்பவர்களும் உண்டு. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். அவர்களுக்கு முழு நேர வேலை கொடுத்து, ஆறாம் வகுப்பிலிருந்து ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பொத்தான் தைக்கவும் ஓரம் மடிக்கவும் கிழிசல் ஒட்டவும் சொல்லித்தரச் செய்ய வேண்டும். வீட்டு அழகுப் பக்கம் நடத்தும் பத்திரிகைகள், எதையெல்லாம் எறியலாம் என்ற பட்டியலை நிறுத்திவிட்டு, அந்தந்த ஊரில் குடை தைப்பவர், மிக்சி பழுது பார்ப்பவர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், கட்டிலுக்குக் கயிறு பின்னுபவர் யார், எங்கே இருக்கிறார், என்ன கூலி வாங்குகிறார் என்று வாரம் ஒருவரைப் பற்றி எழுதட்டும்.